கமரின் வலது முட்டு

அந்தக் குதிரை ஓடியது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாமல் விட்டால், கல்முனை பஸ் நிலையத்தில் நிற்கும் வயதானவர் யாராவது உங்களுக்குச் சொல்லிவிடுவார்: “அந்த டொக்டரம்மா ஓடாதெண்டு சொன்ன குதிரை, நுவரெலியாவில மூணாவதா வந்திச்சி.” மூன்றாவதாக வந்தது உண்மைதான். கால் முறியவில்லை, விழவுமில்லை. ஆனால் அது ஓடாது என்று நான் எந்தக் காலத்திலும் சொல்லவில்லை. நான் சொன்னது வேறு. அதை வேறொருவரிடம் சொன்னேன் என்பதுதான் பிரச்சினையாயிற்று.

அண்மையில் அம்பாறையில் இளம் மிருக வைத்தியர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். அறுகம்பே பக்கம் சுற்றுலாக்காரர்களுக்காகக் குதிரைகள் வரப்போகின்றனவாம். நெல்லும் எருமையுமாய் வாழும் மாவட்டத்தில் பந்தயக் குதிரையின் கால் பார்த்தவள் நான் ஒருத்திதான் என்று யாரோ சொல்லி, ஓய்விலிருந்த என்னைக் கூப்பிட்டார்கள். நொண்டல், மூட்டு வீக்கம், நரம்புக் கிழிசல் என்று நான் சொல்லி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழும்பினார்.

“மெடம், அந்தக் கல்முனைக் குதிரை மறுகா நல்லா ஓடினதுதானே? அப்ப உங்கட டயக்னோசிஸ் பிழையா?”

மற்றவர்கள் சிரிப்பை அடக்கப் பாடுபட்டார்கள். நான் பதிலுக்கு வாயைத் திறக்க, சாப்பாடு வந்துவிட்டது. அன்றைக்கு அங்கே சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

என் வாப்பா மருதமுனையில் கைத்தறி நெய்தவர். பேராதனையில் மிருக வைத்தியம் படித்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. குளிர், பசி, பரீட்சை. எழுபதுகளின் கடைசியில் கல்முனைக் காரியாலயத்துக்கு நியமனமாகி வந்தபோது, சவளக்கடையிலிருந்து எருமையோடு வந்த ஒரு விவசாயி என்னைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

“பொம்புளையா பாக்கப் போற?”

“மாட்டுக்கு அது பிரச்சினையில்ல காக்கா. உங்களுக்குத்தானா?” என்றேன்.

அவர் எருமையை உள்ளே விட்டார். எனக்கு இருந்த வாய் அவ்வளவுதான். அந்த வாயோடுதான் முப்பது வருடத்துக்கும் மேல் வேலை செய்தேன்.

என் மேலதிகாரி டொக்டர் ஒஸ்வல்ட். மட்டக்களப்புப் பறங்கியர். இளம் வயதில், அரசாங்கம் ஓட்டத்தை நிறுத்தும் வரை, கொழும்பில் பந்தயக் குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். அதன்பிறகு மாடும் எருமையும்தான் என்று எங்கள் பக்கம் வந்து சேர்ந்தார். வெள்ளை அரைக் காற்சட்டை, முழங்கால் வரைக்கும் மேசு எனும் காலுறை, சட்டைப்பையில் மடித்த கைலேஞ்சி. சத்தம் போட்டு அவர் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். நாங்கள் கிட்டப் போய்க் காதைக் கொடுக்க வேண்டும்.

நொண்டும் மிருகத்தைக் கொண்டுவந்தால் அவர் முதலில் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். “தொடாத பிள்ள. தொட்டா உன்ட கை உனக்குப் பொய் சொல்லும்” என்பார். மிருகம் சும்மா நிற்பதையே பார்த்துக்கொண்டிருப்பார். எந்தக் காலை முன்னே நீட்டி இளைப்பாற்றுகிறது, எந்தத் தோளைத் தாழ்த்துகிறது என்று. பிறகு நடக்க விடுவார், அதன்பிறகு துள்ளோட்டம். முன்னங்காலில் நோ என்றால் தலை காட்டிக்கொடுத்துவிடும். நோவுள்ள கால் நிலத்தில் படும்போது பாரத்தைக் குறைக்கத் தலையை மேலே தூக்கும், நல்ல கால் படும்போது தலை தாழும். புதிதாக வந்தவர்கள் தலை தாழும் காலைக் காட்டிப் பிழை விடுவோம். நானும் விட்டேன். அவர் திருத்த மாட்டார். “இன்னொருக்கா பாப்பம்” என்பார். நான் சரியாகச் சொல்லும் வரை மாட்டுக்காரர் வெயிலில் மாட்டை இழுத்துக்கொண்டு போய் வர வேண்டும்.

அதற்குப் பிறகுதான் கை. குளம்பிலிருந்து மேலே போக வேண்டும். மேலிருந்து கீழே வரக் கூடாது. முன்னங்கால் நோவில் பெரும்பாலானது குளம்பில்தான் இருக்கும். ஆட்கள் தோளைத்தான் காட்டுவார்கள். குளம்பைக் குறடால் அழுத்திப் பார்ப்பது, காலின் பின்பக்கத் தசைநாணான பின்நரம்பை விரலிடையில் உருட்டிப் பார்ப்பது, ஒவ்வொரு மூட்டிலும் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பது. உள்ளங்கை வேலை செய்து தடித்துப்போயிருக்கும், புறங்கைக்குத்தான் சூடு தெரியும். ஒரு காலில் கண்டதை உடனே மற்றக் காலில் ஒப்பிட வேண்டும். கடைசியாக, சந்தேகப்படும் மூட்டை மடக்கிக் கொஞ்ச நேரம் பிடித்திருந்து, விட்டதும் ஓட விட வேண்டும். மூட்டில் நோவிருந்தால் முதல் அடிகளில் அது மறைக்காது.

இவ்வளவையும் எனக்குத் தந்தவர் அவர். அதில் எனக்கு மறுப்பில்லை.

எண்பதுகளின் ஆரம்பத்தில் நுவரெலியாவில் சித்திரை மாத ஓட்டம் திரும்பவும் நடக்கத் தொடங்கியிருந்தது. கல்முனையில் அரிசி மில் வைத்திருந்த ஆதம்பாவா ஹாஜியார் மலைநாட்டுக்கு அரிசி அனுப்புகிறவர். ஒருமுறை லொறியோடு போனவர் அங்கே ஒரு குதிரை லாயத்தைப் பார்த்துவிட்டார். திரும்பி வரும்போது லொறியில் ஒரு குதிரை இருந்தது. நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு, செம்பழுப்பு நிறம். அந்தப் பொட்டுக்காக அதற்குச் சந்திரன் என்ற பொருளில் கமர் என்று பெயர் வைத்தார்.

ஊரில் பேச்சுக்குக் குறைவிருக்கவில்லை. பள்ளிவாசல் முன்றலில் ஒருவர் இது சூதாட்டமில்லையா என்று முகத்துக்கு நேரே கேட்டார். “பந்தயம் புடிக்கிறதுதான் ஹராம். ஓடுறது ஹராமில்ல. அதுவும் ஓடப்போறது குதிரை, நானில்ல” என்றாராம் ஹாஜியார். கெட்ட மனிதரில்லை. கொழும்புக்காரர்களும் தோட்டத்துரைகளும் நிற்கும் இடத்தில் கல்முனைக் குதிரை ஒன்று ஓட வேண்டும் என்ற ஆசை அவருக்கு. அந்த ஆசையைக் கண்டு எனக்குமே சந்தோஷமாகத்தான் இருந்தது.

குதிரையோடு வந்தவர் சாலி. மலாய்க்காரர், நாற்பது வயதிருக்கும், மெலிந்த சிறிய உடம்பு. சிறுவயதிலிருந்தே குதிரையில் ஏறி ஓட்டுவதுதான் தொழில். மில்லுக்குப் பின்னால் ஒரு அறையில் தங்கியிருந்தார். நாங்கள் எங்கள் ஊர் வழக்கப்படி, அண்ணன் என்ற பொருளில், காக்கா என்று கூப்பிட, “நானா எண்டு கூப்பிடுங்க டொக்டர். காக்கா எண்டா எனக்கு மரத்தில இருக்கிற காகம்தான் ஞாவகம் வருது” என்றார். அதிலிருந்து அவர் எங்களுக்குச் சாலி நானா.

காலையில் கடற்கரை ஈரமணலில் கமரை ஓட்டுவார். வலை இழுக்கிறவர்கள்கூடக் கயிற்றை விட்டுவிட்டுப் பார்ப்பார்கள். ஓட்டத்துக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கும்போது ஹாஜியார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். குதிரை கொஞ்சம் அடியைச் சுருக்கி ஓடுகிறது என்று சாலி நானா சொல்லியிருந்தார்.

மணலில் ஓடவிட்டுப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. மெத்தென்ற நிலம் மூட்டு நோவை மறைத்துவிடும். “ஹாஜியார், கெட்டியான தரை வேணும்” என்றேன். அவருடைய மில்லில் நெல் காயப்போடும் சீமெந்துத் தளம் இருந்தது. அதில் வேலை செய்த பெண்கள் புறுபுறுத்துக்கொண்டே நெல்லைக் கூட்டி ஓரமாய்க் குவித்துத் தந்தார்கள். சாலி நானா கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஓடினார். சீமெந்தில் குளம்படி ஒரே தாளத்தில் விழவில்லை. வலது கால் படும் ஒவ்வொரு தடவையும் தலை மேலே போனது. நெல்லுக் கூட்டிய பெண்ணுக்கே தெரிந்தது.

குளம்பிலிருந்து தொடங்கினேன். குறடுக்கு அசையவில்லை. பின்நரம்பு குளிர்ந்து கம்பிபோல் நேராக இருந்தது. குளம்புக்கு மேலுள்ள மூட்டிலும் ஒன்றுமில்லை. முன்னங்காலின் நடு மூட்டான முட்டுக்கு வந்தபோது புறங்கையில் சூடு பட்டது. முன்பக்கத்தில் சின்ன வீக்கம், அழுத்தினால் நீர்போல நகர்ந்தது. காலை மடக்கினேன். இடது கால் முழுதாக மடிந்தது. வலது கால் பாதியில் இழுத்துக்கொண்டது. அப்படியே பிடித்திருந்துவிட்டு ஓடவிட்டால், முதல் அடிகளில் மூன்று காலில் ஓடுவதுபோல் இருந்தது.

டொக்டர் ஒஸ்வல்டுக்குச் சொல்லியனுப்பினேன். வந்தார், கையைப் பின்னால் கட்டினார், பார்த்தார். மூட்டுக்கு மேல் மயிரைச் சிரைத்து, கழுவி, மருந்து பூசி, ஊசியால் உள்ளிருந்த நீரை எடுத்தார். நல்ல மூட்டு நீர் இளமஞ்சளாய், விரலிடையில் நூல்போல் இழுபடும். இது இளஞ்சிவப்பாக இருந்தது. விரலில் விட்டால் தண்ணீர்போல் வழிந்தது.

நாங்கள் இருவரும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம். முட்டுக்குள் எலும்புச் சில்லு ஒன்று கழன்றிருக்கலாம் என்றேன். இருக்கலாம் என்றார் அவர். பேராதனைக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுக்க வேண்டும், மாதக்கணக்கில் ஓய்வு வேண்டும் என்றேன். அவர் கைலேஞ்சியால் விரலைத் துடைத்தார். மூட்டுக்குள் மருந்து போட்டால் வீக்கமும் நோவும் போய்விடும், கொழும்பில் எத்தனையோ குதிரைக்குப் போட்டு ஓட்டியிருக்கிறோம் என்றார். கமரின் தலையைப் பிடித்தபடி சாலி நானா எங்கள் இருவரின் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜீப்பில் திரும்பும்போது விடாமல் கேட்டேன்.

“சேர், நோ இல்லாட்டி குதிரை முழு வேகத்தில ஓடும். அந்த முட்டு அங்கேயே நொறுங்கலாம்.”

“நொறுங்காமலும் விடலாம்.”

“மேல இருக்கிற ஆள்?”

அவர் கைலேஞ்சியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு மிக மெதுவாகச் சொன்னார்: “பிள்ள, ஓடாத குதிரைக்கு இந்த நாட்டில புல்லுப் போட ஆளில்ல. நாளைக்கு நீயும் நானும் ஓய்வு எழுதிக் குடுத்தா, மாதம் முடிய முன்னம் ஹாஜியார் அத வித்திருவார். வாங்கிறவன் என்ன செய்வான் எண்டு உனக்குத் தெரியா. நான் கண்டிரிக்கன். ஓட்டத்தில ஓடினா அதுக்கு ஒரு விலை இரிக்கி, உயிர் இரிக்கி.”

அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது குதிரையைப் பற்றியது. சாலி நானாவைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லையே.

மறுநாள் காலை ஊசி போட ஏற்பாடாயிற்று. மில்லில் எல்லாரும் நின்றார்கள். ஹாஜியார் புதுச் சாரனோடு வந்திருந்தார். டொக்டர் ஒஸ்வல்ட் கைகழுவி, மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டார். சாலி நானா தலைக்கயிற்றைப் பிடித்திருந்தார்.

“பிள்ள, காலைப் பிடி.”

நான் குனியவில்லை. “சேர், முதல்ல சாலி நானாவுக்குச் சொல்லுங்க.”

“என்னத்த?”

“என்னத்துக்கு ஊசி போடுறம் எண்டு.”

“ஓட்டுறவனுக்கு அது தேவல்ல.” அவருடைய குரல் எவ்வளவு தாழ்ந்திருந்ததென்றால் ஹாஜியார் “என்ன, என்ன?” என்று கேட்டுக்கொண்டு கிட்ட வந்தார்.

நான் சாலி நானாவின் பக்கம் திரும்பினேன். தமிழில் சொன்னேன்.

“நானா, இந்த முட்டுக்குள்ள எலும்பு உடைஞ்சிரிக்கும் எண்டு நாங்க நினைக்கிறம். படம் எடுக்காம நிச்சயமாத் தெரியா. இந்த ஊசி உடைஞ்சத ஒட்டாது. நோவ மட்டும் எடுக்கும்.”

அவர் கமரின் முட்டைக் குனிந்து பார்த்தார். “விழுமா?”

“தெரியா. விழலாம், விழாமலும் ஓடலாம். நோ இருந்தா அதுவா வேகத்தக் குறைச்சிப்போடும். ஊசி போட்டா குறைக்காது.”

“சொணங்காம வேகம் ஏறிக்கிட்டே போகும்.”

“ஓம்.”

சாலி நானா கொஞ்ச நேரம் கமரின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு கயிற்றை ஹாஜியாரின் பக்கம் நீட்டினார். “ஹாஜியார், புடிங்க.”

“என்ன சாலி, இவ்வளவு காலமும் ஓட்டின ஆள் நீங்க! ஒரு பொம்புளப்புள்ள சொன்ன கதைக்கா?”

“எனக்கும் மூணு புள்ளைகள் ஈக்கிது ஹாஜியார்.”

கயிற்றை ஹாஜியார் கையில் வைத்துவிட்டு, தன் அறைக்குள் போய், ஒரு பையோடு வெளியே வந்தார். கூட்டிக் குவித்திருந்த நெல்லை மிதிக்காமல் சுற்றிப்போய் வெளிவாசலால் நடந்தார்.

அன்றைக்குக் கமரின் காலைப் பிடித்தது மில் வேலையாள் ஒருவர். ஊசி போடப்பட்டது. அவ்வளவு அழகாக, ஒரே குத்தில் போட்டார் டொக்டர் ஒஸ்வல்ட். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போகவில்லை. போகச் சொல்லி யாரும் சொல்லவுமில்லை.

நுவரெலியாவில் வேறொருவர் ஏறினார். மூன்றாவதாக வந்தது. ஹாஜியார் மில்லில் ஆடறுத்துச் சோறு போட்டார். எங்கள் வீட்டுக்கும் ஒரு சஹன், பெரிய தட்டு நிறையச் சோறு, வந்தது. உம்மா அதை என்ன செய்வதென்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தார். “தின்னுங்க உம்மா, நல்ல இறைச்சி” என்றேன். பஸ் நிலையத்தில் நான் போய் நின்றால் கடைக்காரப் பையன்கள் மூன்று விரலைக் காட்டினார்கள். நான் தலையாட்டினேன். மூன்றாவதுதானே, பொய்யில்லையே.

ஒரு மாதத்துக்குள் விளக்கம் கேட்டு அம்பாறைக்குக் கூப்பிட்டார்கள். சொந்தக்காரரின் மிருகத்தின் நோயை வெளியாளிடம் சொன்னேனாம். விசாரித்தவர் நல்ல மனிதர், வயதானவர். மேசைக்கு அப்பாலிருந்து அப்பாபோல் சொன்னார்: “ஒரு வசனம் மன்னிப்பு எழுதித் தாங்க. இந்த இடத்திலேயே முடிச்சிருவம்.”

“சேர், வெளியாள் எண்டா யார்?”

“குதிரை ஓட்டினவர்தான்.”

“அவர் அதிட முதுகில இருக்கிறவர். அவரவிட உள்ளுக்குள்ள வேற யார் சேர் இருக்கிற?”

அவர் பேனையை மூடி வைத்தார். நான் மன்னிப்பு எழுதவில்லை. பொத்துவிலுக்கு மாற்றினார்கள். அந்தக் காலத்தில் பொத்துவில் என்றால் தண்டனைதான். தனியாக ஒரு பெண் அங்கே போய் இருப்பதா என்று வாப்பாவின் தம்பிமாரான சாச்சாமார் வந்து கூட்டம் வைத்தார்கள். “குமருப்புள்ள, ஒரு மன்னிப்புத்தானே, எழுதினா கையா தேஞ்சிரும்?” என்றார் பெரிய சாச்சா. வாப்பா தறியை விட்டு எழும்பாமல், “அவள் செய்யாத பிழைக்கு அவளிட கை என்னத்துக்குத் தேயணும்?” என்றார். கூட்டம் கலைந்தது. அடுத்த கிழமை பஸ் ஏறினேன்.

டொக்டர் ஒஸ்வல்ட் ஓய்வுபெற்ற நாளில் கல்முனைக்குப் போனேன். கை தந்தார். அவருக்கு என்னில் கோபமிருக்கவில்லை, எனக்கும் அவரில் இல்லை. அடுத்த வருட ஓட்டத்தில் கமர் ஓடவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். முட்டினாலா, விற்றுப்போட்டதினாலா, எனக்குத் தெரியாது. நான் விசாரிக்கவுமில்லை. முட்டு நொறுங்கியிருந்தால் நான் சரி, நொறுங்காவிட்டால் நான் பிழை என்று கணக்குப் பார்ப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். தன் உயிரைக் கொண்டுபோய் அந்த முட்டின்மேல் வைக்கப்போகிறவரிடம் தெரிந்ததையும் தெரியாததையும் சொல்ல வேண்டும். அதற்குக் குதிரை விழுந்து சாட்சி சொல்லத் தேவையில்லை. இதுதான் தம்பி, அன்றைக்குச் சாப்பாடு வந்து தடுத்த பதில்.

பொத்துவிலில் எனக்கு வேலை குறைவில்லாமல் இருந்தது. இரண்டொரு வருடம் போயிருக்கும். ஒருநாள் காலையில் அறுகம்பேயில் தங்குவிடுதி நடத்தும் ஒருவர் நொண்டும் பசுவோடு வந்தார். கயிற்றைப் பிடித்து வந்தவரை எங்கேயோ கண்டதுபோல் இருந்தது. வெயிலில் கறுத்து, கொஞ்சம் சதையும் போட்டிருந்தார். சாலி நானா. அந்த விடுதியில் சமையல்காரராக இருந்தார்.

“டொக்டர்! சொகமா?”

“அல்ஹம்துலில்லாஹ் நானா. குதிரைய உட்டுட்டீங்களா?”

“அன்டைக்குப் பொறகு யாரும் கூப்பிடல்ல. ஊசிக்குப் பயந்த சாலி எண்டு பேர் வெச்சிட்டானுகள்.” சிரித்தார். “ஆனா ஒண்டு சொல்றன் டொக்டர். கமரை எனக்குத் தெரியும். நான் ஏறியிருந்தா அது ரெண்டாவதா வந்திருக்கும்.”

நானும் அந்தக் கணக்கைச் சிலவேளை போட்டுப் பார்த்ததுண்டு. அவருடைய தொழில் என் ஒரு பேச்சில் போனது. அதை அவர் வாயாலேயே கேட்டுவிடுவோம் என்று நினைத்தேன்.

“என்னில கோவமா நானா?”

“கோவமா?” கயிற்றை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். “எத்தின குதிரையில ஏறியிருப்பன், எத்தின டொக்டர் வந்திருப்பாங்க. எல்லாரும் காலப் பாப்பாங்க, ஊசியப் பாப்பாங்க, முதலாளிய பாப்பாங்க. என்ட மொகத்தப் பாத்துக் கதைச்சது நீங்க மட்டும்தான். கோவம் எங்க இருந்து வாற?”

விடுதிக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. “டொக்டர், மாடு!” என்றார்.

பசுவைத் தார் ரோட்டில் நடக்கவிடச் சொன்னேன். சாலி நானா நடத்திக்கொண்டு போய்த் திரும்பி வந்தார். பின்னங்கால் ஒன்றில் குளம்புக்கிடையில் கல் தைத்துப் புண்ணாகி, சீழ் பிடித்திருந்தது. கழுவி மருந்து வைத்துக் கட்டினேன். சில நாளைக்கு உதைக்கும், பின்பக்கம் நிற்க வேண்டாம் என்று கயிற்றைப் பிடித்திருந்தவரிடம் சொன்னேன். மாட்டுக்காரரிடம் அதற்குப் பிறகுதான் சொன்னேன்.